லேபிள் இல்லாத டேப்பும் டென்னிஸ் ரிச்சியின் தேதிக் குழப்பமும்

முதல்ல ஒரு பாவத்தை ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

1990களின் நடுவில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் (பேரெல்லாம் வேண்டாம்) மெஷின் ரூம் பீரோவில் மூணு கால் இஞ்ச் கார்ட்ரிட்ஜ் டேப் கிடந்தது. இரண்டில் லேபிள் இருந்தது. மூணாவதில் லேபிள் உரிஞ்சு போய் வெறும் பசை மட்டும். அன்னிக்குன்னு பார்த்து பேக்கப் எடுக்க புது டேப் இல்லை. அந்த அனாதை டேப்பை டிரைவில் போட்டு, தார் கமாண்டில் என்ன இருக்குன்னு பட்டியல் கேட்டேன். செக்சம் சரியில்லைன்னு சொல்லிட்டு நின்னுடுச்சு. இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில். "காலி டேப்தான்"னு முடிவு பண்ணி, அன்றைய பேக்கப்பை அதன் தலையிலேயே எழுதிட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, வேலையை விட்டுப் போயிருந்த ஒரு சீனியர் போன் பண்ணினார். "தம்பி, அந்த பீரோல ஒரு டேப் வெச்சிருந்தேனே, லேபிள் கூட சரியா ஒட்டலை, அதை ஒரு காப்பி எடுத்துக்கலாமா?" இரண்டு வருஷம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து எழுதின புரோகிராமாம். வேற காப்பி கிடையாது. பழைய கிராஃபிக்ஸ் மெஷினில் எழுதினது, அதனால் பைட்டெல்லாம் ஜோடி ஜோடியா இடம் மாறியிருக்கும், படிக்கும்போது திருப்பிப் போடணும் என்றார். டிடி கமாண்டில் ஸ்வாப் என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எல்லாம் வந்திருக்கும். நான் சேர்க்கலை. நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் "சரி விடுப்பா" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லைன்னு இருந்தது.

அதிலேர்ந்து லேபிள் இல்லாத டேப் என்று எங்கே கதை கேட்டாலும் காது அந்தப் பக்கம் போயிடும். அப்படிப் படிச்சதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை யூனிக்ஸைப் பெற்றவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சியோடது. தான் எழுதின கம்பைலரை, தானே வைத்திருந்த டேப்பிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, அது எந்த வருஷத்தது என்று அவராலேயே உறுதியாச் சொல்ல முடியலை! நமக்கெல்லாம் எவ்வளவு ஆறுதல் பாருங்க.

அதுக்கு முன்னாடி, இது ஏன் யூனிக்ஸில் குறிப்பாகப் பெரிய தொல்லை என்று சொல்லிடறேன். ஐபிஎம் பெரிய மெஷின்களின் உலகத்தில் டேப்புக்கு இரண்டு லேபிள் உண்டு. ஒண்ணு ரீலின் மேல் ஒட்டுற காகிதம். இன்னொண்ணு டேப்பின் உள்ளேயே, ஆரம்பத்திலேயே, 80 எழுத்து நீளத்தில் எழுதப்படும் பதிவு. அதில் டேப்பின் ஆறெழுத்துப் பெயர், யாருடையது என்பதெல்லாம் இருக்கும். அடுத்த பதிவில் ஃபைலின் பெயர், தேதி. காகிதம் உதிர்ந்து போனாலும் டேப் தன் பேரைத் தானே சொல்லும்.

யூனிக்ஸ்காரர்களுக்கு இந்த மாதிரி சடங்கெல்லாம் ஆகாது. அவங்களைப் பொறுத்தவரை டேப் என்பதும் ஒரு ஃபைல்தான். பைட்டுகள் வரிசையா வரும், அவ்வளவுதான். என்ன எழுதினீங்களோ அதுதான் இருக்கும். இது அழகான கொள்கை, மறுக்கவே மாட்டேன். ஆனால் விளைவு என்னன்னா, மேலே காகிதம் போச்சுன்னா உள்ளேயும் பேர் கிடையாது. எழுதினவர் தார் போட்டாரா, சிபிஐஓ போட்டாரா, டம்ப் போட்டாரா, இல்லை வெறும் டிடியா? அதையும் டேப் சொல்லாது. நாமதான் மோப்பம் பிடிக்கணும்.

இப்ப ரிச்சி கதைக்கு வருவோம்.

பெல் லேப்ஸில் 1970களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் கோஷ்டி பயன்படுத்தினது டெக்டேப் என்று ஒரு வகை. டிஇசி கம்பெனிக்காரங்களுடையது. உள்ளங்கைக்கு அடங்குற நாலு இஞ்ச் ரீல், முக்கால் இஞ்ச் அகலம், 260 அடி நீளம். பிடிபி-11இல் ஒரு ரீலுக்கு 512 பைட் அளவுள்ள 578 பிளாக், அதாவது மூணு லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்னிக்கு மொபைலில் எடுக்கிற ஒரு போட்டோ கூட அதில் அடங்காது. ஆனால் ஆயுள் கெட்டி. பத்து தடங்கள், ஒவ்வொரு விஷயமும் இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு காப்பாத்தும். காந்தப்பூச்சுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பாதுகாப்பு வேற. சட்டைப் பையில் போட்டுக்கிட்டு ஆபீஸுக்கும் வீட்டுக்கும் அலையறதுக்கென்றே செஞ்ச சாமான்.

காலம் போச்சு, டெக்டேப் டிரைவுகள் குப்பைக்குப் போச்சு. டேப்புகள் மட்டும் கம்ப்யூட்டர் அறையில் தூக்கிப் போட்ட பொய்த்தரைக்கு அடியில் கிடந்தன. பல வருஷம் கழிச்சு பால் விக்ஸியும் கீத் போஸ்டிக்கும் எங்கேயோ ஒரு டெக்டேப் டிரைவைத் தேடிப்பிடிச்சு, அதை ஒரு வாக்ஸ் மெஷினில் கோத்து, "பழைய டேப் இருந்தா கொடுங்க, படிச்சுத் தர்றோம்" என்றார்கள். இவங்க இரண்டு பேரும் யூனிக்ஸ் உலகத்துக்கு நல்லாத் தெரிஞ்சவங்க. விக்ஸியின் கிரான் இன்னமும் பல மெஷின்களில் ஓடுது, போஸ்டிக் பெர்க்லி யூனிக்ஸின் தூண்களில் ஒருவர். ரிச்சி பொய்த்தரையைத் தூக்கிட்டு அடியில் இறங்கி டேப்புகளை வெளியே எடுத்தார். புதைபொருள் ஆராய்ச்சி என்பதை இவ்வளவு நேர்ப்பொருளில் செஞ்ச கம்ப்யூட்டர்காரர் வேற யாராவது இருக்காங்களான்னு தெரியலை.

வெளியே வந்ததில் இரண்டு டேப்பில் சி மொழியின் மிகப் பழைய கம்பைலர்கள். ஒன்றின் பெயர் "லாஸ்ட்1120சி". இன்னொண்ணு "ப்ரீஸ்ட்ரக்ட்-சி". இரண்டு பேருமே உபயோகமான பேர் மாதிரி தெரியுது இல்லையா? அங்கேதான் வேடிக்கை.

"ப்ரீஸ்ட்ரக்ட்" என்றால் ஸ்ட்ரக்சருக்கு முந்தையது. சி படிச்சவங்களுக்குத் தெரியும், ஸ்ட்ரக்ட் இல்லாமல் சி இல்லை. அப்ப இந்தக் கம்பைலருக்கு ஸ்ட்ரக்ட் தெரியாது, இதுதான் இரண்டில் பழசு என்றுதானே நினைப்போம்? தப்பு. இந்தக் கம்பைலருக்கு ஸ்ட்ரக்ட் தெரியும்! உறுப்பைக் குறிக்கிற புள்ளி, அம்புக்குறி இரண்டுமே இருக்கு. அடைப்புக்குறி மட்டும் இன்றைய நெளிவு அடைப்பு இல்லை, சாதா வளைவு அடைப்பு. பெயரின் அர்த்தம் வேற: மற்றவர்கள் புரோகிராமில் ஸ்ட்ரக்ட் எழுதலாம், ஆனால் கம்பைலரின் சொந்தக் கோடில் இன்னும் ஸ்ட்ரக்ட் பயன்படுத்தலை. அதை மாத்தி எழுத ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நிமிஷம் எடுத்து வெச்ச பிரதி. வீட்டில் எல்லாருக்கும் புதுச் சட்டை தைச்சுக் கொடுத்த தையல்காரர் தான் மட்டும் பழசோடவே இருந்த கணம்.

லாஸ்ட்1120சி-யில்தான் "ஸ்ட்ரக்ட்" என்ற எழுத்துக்கூட்டமே எந்த மூலையிலும் இல்லை. அதனால் அதுதான் மூத்தது. ஆக, லேபிளை மட்டும் படிச்சிருந்தால் அண்ணனைத் தம்பியாகவும் தம்பியை அண்ணனாகவும் மாத்தியிருப்போம். லேபிள் இல்லாத டேப் ஆபத்து என்றால் லேபிள் உள்ள டேப் அதைவிட நைச்சியமான ஆபத்து.

இன்னொரு சாட்சியம் இருக்கு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்தில் மெமரி என்பது தங்கம். யூனிக்ஸ் ஓடின முதல் பிடிபி-11/20 மெஷினில் மொத்தமே 24 கிலோபைட். அதில் 16 சிஸ்டத்துக்கு, மிச்சம் 8தான் ஓடுற புரோகிராமுக்கு. அதனால் ரிச்சி ஒரு காரியம் பண்ணினார்: கம்பைலர் ஓட ஆரம்பிச்ச பிறகு, அதன் தொடக்கத்தில் இருக்கும் ஆரம்ப ஏற்பாட்டுக் கோடு இனிமேல் தேவையில்லை இல்லையா, அந்த இடத்தின் மேலேயே தற்காலிகத் தகவல்களை எழுதிக்கொள்வது. ஏறின ஏணியையே உடைச்சு அடுப்பெரிக்கிற மாதிரி. ஒரு இடத்தில் "வேஸ்ட்" என்று ஒரு ஃபங்ஷன். அதுக்குள்ளே அதே ஃபங்ஷனை வரிவரியாகக் கூப்பிட்டு எழுதியிருப்பார். ஓட்டறதுக்கு இல்லை, சும்மா இடம் பிடிச்சு வைக்க. பஸ் சீட்டில் துண்டு போடறது தெரியுமே, அதேதான்.

இப்ப கவனிங்க. தன் தொடக்கத்தின் மேலே எழுதணும்னா, தொடக்கம் மெமரியில் எங்கே இருக்குன்னு தெரியணும். மூத்த கம்பைலர் அதை ஒரு ஃபங்ஷனின் பெயரைச் சொல்லிக் கண்டுபிடிக்குது. இளைய கம்பைலர் அதெல்லாம் கேட்கறதே இல்லை. தொடக்கம் என்றால் பூஜ்யம்தான் என்று நேரே போய் எழுதுது. இதுக்கு என்ன அர்த்தம்? 11/20 மெஷினில் மெமரியை மாற்றிக்காட்டும் வசதி கிடையாது. கீழே சிஸ்டம் உட்கார்ந்திருக்கும், புரோகிராம் அதுக்கு மேலே எங்கேயோ தொடங்கும். பிறகு வந்த 11/45இல் அந்த வசதி இருந்ததால், ஒவ்வொரு புரோகிராமுக்கும் தன்னுடைய தொடக்கம் பூஜ்யம் என்றே தெரியும். ஆக, மூத்தது எழுதப்பட்டது பழைய மெஷினுக்கு, இளையது புது மெஷினுக்கு. தேதி எதுவும் பார்க்காமல், ஒரே ஒரு எண்ணை வெச்சு, எந்த மெஷின் காலத்துச் சரக்கு என்று சொல்லியாச்சு! கல்வெட்டில் எழுத்தின் வளைவை வெச்சு நூற்றாண்டு சொல்றாங்களே, அந்த வித்தை.

"லாஸ்ட்1120" என்ற பேரும் அதையே சொல்லுது. 11/20க்குப் பெருக்கல், வகுத்தல் உத்தரவே கிடையாது. தனியா ஒரு பெட்டி வாங்கி மாட்டணும். எண்களை மெமரியின் குறிப்பிட்ட இடங்களில் கொண்டு போய் வெச்சால் அந்தப் பெட்டி பெருக்கிக் கொடுக்கும். அந்த மெஷினைக் கைவிடும் நேரத்தில் எடுத்து வெச்ச கடைசி பிரதி.

சரி, இவ்வளவு கண்டுபிடிச்சாச்சு. தேதிதான் டேப்பிலேயே ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதியிருக்குமே, அதைப் பார்த்தால் முடிஞ்சதே என்பீர்கள். பார்த்தார். அங்கேதான் மாட்டினார்.

இன்றைக்கு யூனிக்ஸ் நேரம் என்றால் 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடி என்ற எண்ணிக்கை. ஆனால் 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் பதிப்பு மேனுவலில் கணக்கு வேற: 1971 ஜனவரி 1 தொடங்கி, விநாடியில் அறுபதில் ஒரு பங்குகளாக. அமெரிக்க மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று இல்லையா, அந்தத் துடிப்பை அப்படியே எண்ணியிருக்காங்க. இதை 32 பிட்டில் வெச்சால் என்ன ஆகும்? சுமார் 828 நாளில் எண் நிரம்பி வழிஞ்சு மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். இரண்டே கால் வருஷத்துக்கு ஒரு பிரளயம். மேனுவலிலேயே "குறைபாடுகள்" என்ற இடத்தில் இதை நேர்மையா ஒத்துக்கிட்டிருப்பாங்க. 2038ஐ நினைச்சு நாம இப்ப பயப்படறோமே, அவங்க அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தவங்க.

வழிஞ்சுடாமல் இருக்க என்ன செஞ்சாங்க? காலத்தின் தொடக்கத்தையே நகர்த்தினாங்க! ஒரு தடவை இல்லை, ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை. அப்புறம்தான் விநாடிக் கணக்குக்கும் 1970க்கும் வந்து செட்டில் ஆனது.

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம் (எண் நான் சும்மா எடுத்துக்கிட்டது). டேப்பில் ஒரு ஃபைலுக்குப் பக்கத்தில் 50 கோடி என்ற எண் இருக்கு. இன்றைய முறையில் விநாடியாகப் படிச்சால் 1985 நவம்பர் 5. அந்தக் காலத்து டேப்பில் 1985 வருமா? வராது. அறுபதில் ஒரு பங்காகப் படிச்சால் 96 நாள் சொச்சம். தொடக்கம் 1971 என்றால் ஏப்ரல் 7, 1971. தொடக்கம் 1972 என்றால் ஏப்ரல் 6, 1972. மூணு விடையும் கணக்குப்படி சரிதான். எது நிஜம் என்று எண்ணுக்கே தெரியாது. எழுதினவர் அன்னிக்கு எந்த யுகத்தில் இருந்தார் என்பதைப் பொறுத்தது. நம்ம ஊரில் பிரபவ, விபவ என்று அறுபது வருஷச் சக்கரம் இருக்கே, ஒரு ஓலையில் "விபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் எந்தச் சுற்று விபவ என்று மண்டையை உடைச்சுக்கறோம் இல்லையா, அந்தக் கதைதான். (அங்கேயும் அறுபது, இங்கேயும் அறுபது. தற்செயல்தான், கொடி பிடிச்சுக் கிளம்பிடாதீங்க :-))

அதனால்தான் ரிச்சி, இந்தக் கம்பைலர்கள் 1972-73ஐச் சேர்ந்தவை என்பது நிச்சயம், அதுக்கு மேல் துல்லியமா சொல்ல முடியலை, டேப்பில் உள்ள தேதியில் ஒரு வருஷம் பிசகியிருக்கலாம் என்று எழுதி வெச்சார். ஃபைல்களைப் பிற்பாடு யாராவது காப்பி பண்ணியிருக்கலாம், கை வெச்சிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் சேர்த்தே சொன்னார். சி மொழியைக் கண்டுபிடிச்ச ஆள், "நான்தானே எழுதினேன், எனக்குத் தெரியாதா" என்று ஒரு தேதியைப் போட்டிருந்தால் யார் கேட்டிருக்கப் போறாங்க? அப்படிச் செய்யலை. அந்த அடக்கத்துக்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கும். 2011 அக்டோபரில் போய்ச் சேர்ந்துட்டார்.

அந்தத் தரைக்கடியிலிருந்து வந்ததிலேயே அவருக்கு இருந்த வருத்தம், மிகமிக ஆரம்பத்து யூனிக்ஸ் சிஸ்டத்தின் மூலக்கோடு டேப்பில் கிடைக்கலை என்பது. கிடைச்ச கெர்னலில் பழசு "என்சிஸ்" என்ற பெயரில் இருந்த ஒன்று. 1973 ஆகஸ்ட் கடைசி. சி மொழியில் திருப்பி எழுதின கெர்னல். இதிலும் ஒரு உள்சாட்சி உண்டு. பைப் என்கிற வசதி (ஒரு கமாண்டின் வெளியீட்டை அடுத்த கமாண்டின் வாயில் ஊத்தறது) 1973 பிப்ரவரி தேதியிட்ட மூணாம் பதிப்பு மேனுவலிலேயே வந்தாச்சு. ஆனால் ஆகஸ்ட் மாசத்து இந்த என்சிஸ்ஸில் பைப் இல்லை. பின்னாடி வந்ததில் முன்னாடி இருந்தது இல்லையா? குழப்பம் வேண்டாம். அசெம்பிளியில் எழுதின பழைய கெர்னல் ஒரு பக்கம் தினசரி வேலைக்கு ஓடிக்கிட்டிருக்க, சி-யில் எழுதின புதுசு பக்கத்திலேயே வளர்ந்துக்கிட்டிருந்தது. பைப் வேலை புதுசுக்கு இன்னும் வந்து சேரலை. "இந்த வசதி இருக்கு, அதனால் இது பிந்தியது" என்கிற ஒற்றைக்கோடு தர்க்கம் எப்பவும் செல்லாது என்பதுக்கு நல்ல சாம்பிள்.

முதல் பதிப்பின் கெர்னல் கடைசியில் டேப்பில் இல்லை, காகிதத்தில் கிடைச்சது. 1972 ஜூன் தேதியிட்ட ஒரு ஆவணத்தில் அசெம்பிளிக் கோடு முழுக்க அச்சடிச்சு இருந்தது. ஆஸ்திரேலியாவின் வாரன் டூமி நடத்தும் யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கத்து ஆர்வலர்கள் 2008இல் ஸ்கேன் பண்ணின பக்கங்களிலிருந்து அதை மறுபடி எழுத்தாக்கி ஓட வெச்சாங்க. கெர்னல் மட்டும் ஓடினால் என்ன பிரயோஜனம்? கமாண்டுகள் வேண்டாமா? அதுக்குக் கைகொடுத்தது ரிச்சியின் தரைக்கடி டேப்புகளில் ஒன்றான "எஸ்2". அதில் கமாண்டுகளின் ஓடும் வடிவம் இருந்தது. எல்லாம் ஒரே காலத்துச் சரக்கு இல்லை, கலந்து கிடந்தது. எப்படிப் பிரிக்கிறது? ஓடுற ஃபைலின் முதல் எண்ணைப் பார்த்தால் போதும். எட்டடிமான எண்ணில் 405 என்று இருந்தால் முதல் பதிப்பு வடிவம், 407 என்று இருந்தால் அடுத்தது. இந்த எண் யாரோ சும்மா ஒதுக்கினது இல்லை. பிடிபி-11இல் அது நிஜமான ஒரு உத்தரவு: "தலைப்பைத் தாண்டிக் குதி". பழைய தலைப்பு 12 பைட், அதனால் 405. புதுத் தலைப்பு 16 பைட், அதனால் 407. தலைப்பு நீளமாச்சு, குதியும் நீளமாச்சு. பிற்பாடு பிடிபி-11ஏ இல்லாத மெஷின்களில் கூட, குதிக்கிற அர்த்தம் போயி, 407 வெறும் அடையாள எண்ணாகவே ரொம்ப நாள் வண்டி ஓட்டினது.

இந்த அடையாள எண்கள்தான் லேபிள் இல்லாத டேப்பில் முதல் கைப்பிடி. இப்ப ஒரு அனாதை டேப் உங்க கையில் வந்தால் (வரட்டும், வந்தால் எனக்கும் சொல்லுங்க) முதலில் தார் அடிக்காதீங்க. எதையும் அடிக்காதீங்க. எழுத முடியாதபடி பூட்டுங்க. ரீல் டேப் என்றால் பின்னாலிருக்கும் வளையத்தை எடுக்கணும், கார்ட்ரிட்ஜ் என்றால் மூலையிலுள்ள திருகைத் திருப்பணும். பழைய டேப்பில் பூச்சைப் பிடிச்சு வைக்கும் பசை ஈரம் குடிச்சு இளகியிருக்கும், அதை அப்படியே ஓட்டினால் பூச்சு உரிஞ்சு ஹெட்டில் ஒட்டிக்கும். அதனால் இந்த வேலை தெரிஞ்சவங்க சில வகை டேப்புகளை மெல்லிய சூட்டில் வாட்டி எடுத்துட்டுத்தான் ஓட்டுவாங்க. ஒரே ஒரு தடவைதான் நல்லா ஓடும் என்று நினைச்சுக்கிட்டே செய்யணும்.

அந்த ஒரு தடவையில் என்ன வருதோ அத்தனையையும் டிஸ்கில் கொட்டிக்கணும். பிளாக்கின் நீளத்தையும் சேர்த்துக் குறிச்சுக்கணும், அதுவே ஒரு துப்பு. 10,240 பைட் என்றால் பெரும்பாலும் தார் அல்லது டம்ப். 5,120 என்றால் சிபிஐஓ. 512 என்றால் ரொம்பப் பழைய டிபி ஆக இருக்கலாம். பிறகு உள்ளே பார்க்கணும். 1988இல் தரப்படுத்தின தார் என்றால் தலைப்பின் 257ஆம் இடத்தில் "யுஸ்டார்" என்று எழுத்திலேயே இருக்கும், யூசர் பேரும் குரூப் பேரும் கூட இருக்கும். பேர் கிடைச்சால் பாதி கிணறு தாண்டியாச்சு. 1979 ஜனவரியில் ஏழாம் பதிப்போடு வந்த பழைய தாரில் பேர் கிடையாது, வெறும் யூசர் எண்தான். சிபிஐஓ என்றால் எட்டடிமானத்தில் 070707. பெர்க்லியின் பிந்தைய டம்ப் இன்னும் நல்ல பிள்ளை: எந்த மெஷின், எந்த டிஸ்க், எந்தத் தேதி எல்லாத்தையும் தலைப்பிலேயே எழுதி வைக்கும்.

எழுத்தெல்லாம் ஜோடி ஜோடியா மாறி, "யூனிக்ஸ்" என்ற நாலெழுத்து இங்கிலீஷ் வார்த்தை "நுக்சி" என்று தெரிஞ்சால் பைட் வரிசை வேற மெஷின் டேப் அது. இதுக்கு "நுக்சி பிரச்சினை" என்றே ஒரு பழைய பேர் உண்டு. எனக்கு அன்னிக்குத் தெரியலை.

இப்ப சமீபத்துக் கதை ஒண்ணு. 2025 ஜூலையில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஸ்டோர் ரூமை ஒழிச்சுக்கிட்டிருந்தப்ப, ஒரு ஒன்பது தட ரீல் டேப் அகப்பட்டது. இதில் லேபிள் இருந்தது, கையெழுத்தில்: பெல் லேப்ஸிலிருந்து வந்த அசல் யூனிக்ஸ், வி4, வடிவத்துக்கு மேனுவலைப் பார்க்கவும் என்ற பொருளில். நாலாம் பதிப்பு! 1973 நவம்பர் மேனுவலோடு வந்தது. கெர்னல் சி-யில் இருந்த முதல் பதிப்பு. முழுசா உலகத்தில் எங்கேயும் மிச்சமில்லை என்றுதான் அதுவரை எல்லாரும் நினைச்சிருந்தோம்.

ஆனால் லேபிளை நம்பலாமா? மேலே ப்ரீஸ்ட்ரக்ட் கதை பார்த்தோமே. எழுதினது யார் என்பது முதல் கேள்வி. கையெழுத்தைப் பார்த்ததுமே அங்கிருந்தவருக்கு அடையாளம் தெரிஞ்சது, 2008இல் காலமான ஜே லெப்ரோவின் கையெழுத்து. யூட்டாவில் பல வருஷம் சிஸ்டம்ஸ் ஆராய்ச்சி நடத்தினவர். டேப் முதலில் வந்தது மார்ட்டின் நியூவெல் பேருக்கு. ஆமா, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் படிச்ச எல்லாரும் வரைஞ்சு பார்த்திருக்கும் அந்த டீ கெட்டிலை 1975இல் உருவாக்கினாரே, அவரேதான். ஒருவர் வாங்கி வெச்சார், இன்னொருவர் இது என்னன்னு நாலு வார்த்தை எழுதி வெச்சார், அதனால்தான் குப்பைக்குப் போகலை.

அதை அவங்க தபாலில் அனுப்பலை. 2025 டிசம்பரில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் காரிலேயே கலிபோர்னியா மவுன்டன் வியூவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போனாங்க. அங்கே அல் கோஸோ செஞ்ச முறையைக் கேளுங்க. டிரைவை பைட்டாகப் படிச்சுக் கொடு என்று கேட்கவே இல்லை. ஹெட்டிலிருந்து வரும் மின் அலையை அப்படியே, ஒவ்வொரு தடத்துக்கும் தனியாக, எண்ணாக்கி மெமரியில் கொட்டிக்கிட்டார். டேப் ஓடினது ஒரு தடவை. அதுக்கப்புறம் எது 1, எது 0 என்று முடிவு பண்றதெல்லாம் லென் ஷஸ்டெக் எழுதின புரோகிராமின் வேலை. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாலும் டேப்பைத் தொடாமல் எத்தனை தடவை வேணும்னாலும் திரும்பப் புரிஞ்சுக்கலாம். வந்தது நிஜமாவே நாலாம் பதிப்புதான். சீக்கிரமே ஆர்வலர்கள் அதை பிடிபி-11 சிமுலேட்டரில் ஓட்டியும் பார்த்துட்டாங்க. அந்தச் செய்தியைப் படிச்ச ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. சந்தோஷம் பாதி, பீரோ ஞாபகம் பாதி.

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ரீல் டேப்பில் பழைய பதிவின் மேல் சின்னதா ஏதாவது எழுதிட்டாலும், அந்தப் புதுப் பதிவின் முடிவு அடையாளத்துக்கு அப்பால் பழசின் வால் அப்படியே கிடக்கும். டிரைவ் சாதாரணமா அங்கே நின்னுடும். கொஞ்சம் ஏமாத்தி அதைத் தாண்ட வெச்சால் பழசைப் படிக்கலாம். ஒரு டேப்பின் நிஜமான பூர்வீகம் இப்படி வாலிலிருந்து தெரிஞ்ச சந்தர்ப்பங்கள் உண்டு. இதை முதலில் தெரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு ஒரு நப்பாசை. எங்க பேக்கப் சின்னதுதானே, அந்தக் கார்ட்ரிட்ஜில் சீனியரோட புரோகிராம் பாதியாவது மிஞ்சியிருக்குமோ?

விசாரிச்சேன். 150 எம்பி கார்ட்ரிட்ஜ் என்பது 18 தடம். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஒரு தடம், திரும்பி வரும்போது அடுத்தது என்று பாம்பு மாதிரி எழுதும். ஆனால் முதல் தடத்தை எழுதும்போதே, அழிக்கிற ஹெட் டேப்பின் முழு அகலத்தையும் துடைச்சுக்கிட்டே போகும். முதல் தடம் எட்டு எம்பி சொச்சம். எங்க பேக்கப் அறுபது எம்பி. அப்ப முதல் சில நிமிஷத்திலேயே பதினெட்டு தடமும் காலி.

சீனியருக்கு இதை நான் சொல்லலை.